அரிவரி ரீச்சரின் கல்வெட்டு

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஒரு உதவி கேட்டு இதை எழுதுகிறேன்.

என் அம்மம்மா இந்த மாதம் காலமாகிவிட்டார். 1940 இல் பிறந்தவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிக்க வேண்டும். குடும்பத்தில் தமிழ் எழுதக்கூடியவள் நான்தான் என்று வாழ்க்கை வரலாற்றை என்னிடம் தந்துவிட்டார்கள்.

அம்மம்மா கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவர். முதல் நியமனம் நெடுந்தீவு. பிறகு வலிகாமத்தில் வெவ்வேறு பள்ளிக்கூடங்கள். ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் எழுத்துப் பழக்கும் தொடக்க வகுப்பான அரிவரிதான் படிப்பித்தார். மேல்வகுப்புத் தாருங்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லையாம்.

எழுதிப் பார்த்தேன். 'அன்பே உருவானவர், பண்பின் சிகரம், ஆசிரியப் பணியை அறப்பணியாகக் கொண்டவர்.' எந்த அம்மம்மாவின் பெயரைப் போட்டாலும் பொருந்தும் போல இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கிற பெரிய மாமா, "சிவபுராணமும் குடும்பப் படமும் காணும், பள்ளிக்கூடக் கதையெல்லாம் ஆர் வாசிக்கப்போகினம்" என்கிறார்.

அலுமாரியில் அம்மம்மாவின் சீ.ஆர். கொப்பி (தடித்த குறிப்புப் புத்தகம்) ஒன்று கிடைத்தது. 1996 தை மாதத் திகதி. இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் இருந்தபோது ஒரு வளவில் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றிரண்டு வரி எழுதி வைத்திருக்கிறார். சில:

'இடது கை. மாத்தக் கூடாது. தாயிட்டயும் சொல்ல வேணும்.'

'பழம் எண்டதைப் பளம் எண்டு எழுதுறான். கேக்கிறபடி எழுதியிருக்கிறான். காது சரி. கண்ணுக்குத்தான் பழக்க வேணும்.'

'மூண்டு நாளாய்க் கதைக்கேல்லை. எழுதச் சொல்லேல்லை. பக்கத்தில இருக்கட்டும்.'

'பென்சில் மூண்டு பேருக்கு ஒண்டு.'

இதையெல்லாம் கல்வெட்டில் போடலாமா? இன்னொன்றும் உண்டு. பிரான்சிலிருந்து ஒரு பழைய மாணவர் ஃபோனில் அழுதார். பிறகு, "ரீச்சர் ஒருக்கா அடிமட்டத்தால அடிச்சவ, அது இன்னும் மறக்கேல்லை" என்றும் சொன்னார். அடிமட்டத்தால், அதாவது அளவுகோலால், அடித்ததை எழுதுவது அம்மாவுக்கு விருப்பமில்லை. எழுதலாமா?

என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு பேத்தி
சண்டிலிப்பாய்

*

அன்புள்ள பிள்ளைக்கு,

அம்மம்மாவுக்கு என் அஞ்சலி. அம்மாவிடமும் மாமாவிடமும் என் அனுதாபத்தைச் சொல்லுங்கள்.

கொப்பியில் உள்ளதைக் கட்டாயம் போட வேண்டும். பக்கம் போதாவிட்டால் நீங்கள் எழுதியதைக் குறையுங்கள், அவர் எழுதியதில் கை வைக்காதீர்கள்.

'கேக்கிறபடி எழுதியிருக்கிறான். காது சரி' என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் வரும். வீட்டிலும் சந்தையிலும் கோயில் வீதியிலும் பழம் என்பது பளம்தான். ஐந்து வயதுப் பிள்ளை காதில் விழுந்ததை எழுதினால், பிழை என்று வெட்டிவிட எவராலும் முடியும். இந்தப் பிள்ளைக்கு ஒலி பிரித்துக் கேட்கத் தெரிகிறது, கேட்டதை எழுத்தாக்கவும் தெரிகிறது, இனி அந்தச் சொல்லை எழுத்தில் நாலைந்து தரம் கண்டால் தானே சரிவரும் என்று அம்மம்மா கணித்திருக்கிறார், கைதேர்ந்த வைத்தியர் நாடி பிடித்துச் சொல்வது மாதிரி. எழுத்தறிவித்தல் என்ற வேலையின் நுட்பம் முழுக்க அதற்குள் இருக்கிறது. 'அறப்பணி' என்ற சொல் அதில் காற்பங்கைக்கூடச் சொல்லாது.

அதை அவர் எப்போது எழுதினார் என்பதையும் யோசியுங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமத்துச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்டது. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் மழைக்குள் சனம் அடியெடுத்து வைக்க இடமில்லாமல் நின்றது. கொடிகாமம் இருக்கிற தென்மராட்சியில் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் மரத்தடிகளிலும் குடும்பங்கள். பொருளாதாரத் தடை தொடங்கி ஐந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணிச் செலவழித்த காலம். 'பென்சில் மூண்டு பேருக்கு ஒண்டு' என்பதை அந்தக் கணக்கோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அந்த வளவில் வரவு இடாப்பு இல்லை, கரும்பலகை இருந்ததோ தெரியாது, படிப்பியுங்கள் என்று எவரும் கடிதம் கொடுத்திருக்கவும் மாட்டார்கள். ஐம்பத்தைந்து வயதில், தன் வீடு என்னவாயிற்று என்று தெரியாத நிலையில், அந்த மனுசி மூன்று நாளாகப் பேசாத ஒரு பிள்ளையைக் கவனித்திருக்கிறார். அதன் கையில் பென்சிலைத் திணிக்கவில்லை. பக்கத்தில் இருக்க விட்டிருக்கிறார். இன்றைக்கு உளவளத்துணை என்று பயிற்சிப் பட்டறை வைத்து ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதை அவர் யாரும் சொல்லாமலே செய்திருக்கிறார்.

பிள்ளைகளின் பெயர்களை மட்டும் அச்சில் போட வேண்டாம். அவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து வயதளவில் இருக்கும், எங்கெங்கோ இருப்பார்கள். யாரையாவது கண்டுபிடித்தால் அவருக்குரிய வரியை முதலில் அவரிடமே காட்டுங்கள். இடது கைப் பிள்ளையை எனக்குப் பார்க்க ஆசையாக இருக்கிறது. கையில் அடித்து வலது கைக்கு மாற்றுவதே வழக்கமாக இருந்த ஊரில், தாயிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்த ஆசிரியை கிடைத்த பிள்ளை அது.

இனி நீங்கள் எழுதும் வாழ்க்கை வரலாற்றுக்கு வருவோம். எங்கள் மரண அறிவித்தல்களுக்கு ஒரு வாய்பாடு உண்டு. 'இந்த ஊரைப் பிறப்பிடமாகவும் அந்த ஊரை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, 'அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு துணைவியாரும், இன்னார் இன்னாரின் அன்புத் தாயாரும்' என்று போகும். நடுவில் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்று ஒருதரம் வரும். அறிவித்தலுக்கு அது வேண்டும்தான், உறவினர் ஆளை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். கல்வெட்டும் அதையே நீட்டி எழுதினால், ஒவ்வொரு நாளும் விடியச் சமைத்து வைத்துவிட்டுக் குடையும் கொப்பிக்கட்டுமாக வெளிக்கிட்டுப் போன பெண் போய் என்ன செய்தார் என்பது எங்கேயும் பதிவாகாமல் போய்விடும்.

யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்களைப் பற்றி எழுதவில்லை என்று சொல்ல முடியாது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். பண்டிதர்களுக்கும் பெரிய கல்லூரி அதிபர்களுக்கும் மலர்களும் சிலைகளும் உண்டு. பெண் கல்வியைப் பற்றிப் பேச வந்தால், 1824 இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளிக்கூடத்தையும், 1913 இல் சேர் பொன். இராமநாதன் மருதனார்மடத்தில் தொடங்கிய கல்லூரியையும் சொல்லுவோம். அந்த வாசல்களாலும் கோப்பாய்க் கலாசாலை வாசலாலும் வெளியே வந்து, ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அரிவரி வகுப்புக்குள் போன பெண்களைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்? பெரிய பண்டிதரின் கைக்கும் முதலில் எழுத்துப் பழக்கிய ஒருவர் இருந்திருப்பார், அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. உங்கள் அம்மம்மாவைப் பற்றி அச்சில் வரப்போகிற ஒரே புத்தகம் அநேகமாக இந்தக் கல்வெட்டாகத்தான் இருக்கும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

அவர் பிறந்த ஆண்டை வைத்துப் பார்த்தால் எழுத இன்னும் நிறைய இருக்கிறது. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது அவர் அரிவரிக்குப் போகிற வயதில் இருந்திருக்கிறார். 1960, 61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது இருபது, இருபத்தொரு வயது. அந்த மாற்றங்கள் உங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தன? அவரைப் படிக்க அனுப்பியது யார், மறித்தது யார்? அம்மம்மாவின் சகோதரங்களில் எவராவது உயிரோடு இருந்தால் இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள்.

நெடுந்தீவை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அது முழுதாக ஒரு பக்கம் கேட்கும். குறிகட்டுவானில் ஏறினால் ஒரு மணித்தியாலமளவு கடல். காற்றுக் காலத்தில் படகு ஓடாது. இளம் பெண் ஒருவர் தனியாக அங்கே வேலைக்குப் போனால் நாள்தோறும் வந்து போக முடியாது. அப்படியென்றால் எந்த வீட்டில் தங்கினார்? சோறு கொடுத்தது யார்? அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் இன்றும் தீவில் இருக்கலாம். பவளக்கல் மதில் கட்டிய அந்த ஒழுங்கைகளில் நின்று, அந்தக் காலத்துப் பள்ளிக்கூட ரீச்சர் எங்கே தங்கியிருந்தவ என்று வயதானவர்களிடம் கேட்டால் வழி சொல்லுவார்கள். கல்வெட்டின் ஒரு பிரதி அந்த வீட்டுக்கும் போக வேண்டும்.

மாணவர்களிடம் கேட்கும்போது 'ரீச்சர் எப்படி?' என்று கேட்காதீர்கள். 'நல்ல ரீச்சர்' என்றுதான் விடை வரும். வகுப்பில் எங்கே இருந்தீர்கள், மழைக்குப் பள்ளிக்கூடம் வராவிட்டால் மறுநாள் என்ன சொல்லுவா, வெண்கட்டியை எப்படிப் பிடிப்பா, உங்கள் கையைப் பிடித்து முதலில் எழுதுவித்த எழுத்து எது என்று கேளுங்கள். வட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பச் சொல்லுங்கள். எழுத வரச் சொன்னால் எங்கள் சனம் உடனே மேடைத் தமிழுக்குப் போய்விடும், பேச விட்டால் உள்ளது வரும். வந்ததைத் திருத்தாமல், அவர்கள் கதைத்த தமிழிலேயே இறக்குங்கள்.

இதற்குக் கல்வெட்டு மரபிலேயே இடம் இருக்கிறது. முன்பு கல்வெட்டென்றால் முழுக்கப் பாட்டு. திதி வெண்பா, ஊர்ச் சிறப்பு, குலமரபு, அதற்குப் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று ஒவ்வொருவர் வாயாலும் வரும். புலவர் ஒருவர்தான் எல்லாவற்றையும் பாடியிருப்பார். என்றாலும் இறந்தவரை ஒவ்வொரு உறவும் தன் நிலையில் நின்று பேச வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. அந்த வரிசையில் மாணவர்களையும் சேருங்கள். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் படிப்பித்தவருக்கு அவர்களும் உரித்துடையவர்கள்தான்.

அடிமட்டத்தை எழுதுங்கள். பிரான்சில் இருப்பவர் சம்மதித்தால் அவர் சொன்ன வசனத்திலேயே எழுதுங்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் அடித்தார்கள் என்று சமாதானம் சொல்லி மெழுக வேண்டாம். அவருக்கு வலித்திருக்கிறது. அழுதவரும் அவர்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அடி வாங்கியது எந்த ஆண்டு என்றும் கேளுங்கள். இளம் வயதில் அடிமட்டம் எடுத்த ரீச்சர், 1996 இல் 'எழுதச் சொல்லேல்லை, பக்கத்தில இருக்கட்டும்' என்று எழுதுகிறவராக மாறியிருந்தால், இடையில் என்ன நடந்தது என்பதுதான் நீங்கள் தேடவேண்டிய வரலாறு. அம்மாவின் மனம் எனக்கு விளங்குகிறது. துக்கம் ஆறாத வீட்டில் தாயைப் பற்றி ஒரு குறைச் சொல்லும் காதில் விழக் கூடாது என்றுதான் எந்த மகளும் நினைப்பார். அவரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்: குறையே இல்லாத ஆளாக எழுதினால் வாசிக்கிறவர் அந்தக் கொப்பியையும் நம்பமாட்டார். அதன் பிறகும் அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மகளின் சொல் மேலே.

மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிவபுராணம் கட்டாயம் இருக்க வேண்டும். செத்த வீட்டில் திருப்பொற்சுண்ணம் பாடத் தொடங்கும்போது நாங்கள் தேடி எடுப்பது எப்போதோ யாரோ தந்த கல்வெட்டைத்தான். தேவார திருவாசகத்துக்காகவே அது சாமி அறையில் பத்திரமாக இருக்கும். பள்ளிக்கூடக் கதையும் அதனோடு சேர்ந்து அங்கேயே இருக்கும் என்று மாமாவிடம் சொல்லிப் பாருங்கள். ஆர் வாசிக்கப்போகினம் என்று கேட்டாரே, இப்போது ஊர் வரலாறு ஆராய்கிறவர்கள் முதலில் தேடுவது கல்வெட்டுகளைத்தான். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 வரையான நூல்கள் போயின. 1995 இல் வீடுகளில் இருந்த கடிதமும் ஏடும் படமும் போயின. மிஞ்சியவற்றில் பெருந்தொகை இப்படியான மலர்கள்தான். 'நூலகம்' என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் அவற்றை மின்வருடி இணையத்தில் வைத்திருக்கிறது. கல்வெட்டு அடித்ததும் ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள். சீ.ஆர். கொப்பியையும் ஸ்கான் பண்ணக் கொடுத்துவிட்டு வாங்கி வையுங்கள். அந்தப் பக்கங்களில் இரண்டையாவது படமாகக் கல்வெட்டில் சேருங்கள். அரிவரி ரீச்சரின் கையெழுத்தைப் பார்க்க அவரிடம் எழுத்துப் பழகிய எல்லாருக்கும் ஆசை இருக்கும்.

முப்பத்தோராம் நாளுக்குள் இத்தனையும் முடியாது. அச்சகத்துக்கும் ஒரு கிழமை வேண்டும். அந்தியேட்டிக்குத் திருமுறைகள், குடும்ப விபரம், நீங்கள் எழுதும் சுருக்கமான வரலாறு, கொப்பியிலிருந்து நாலு பக்கம் என்று சிறிதாக அடியுங்கள். நெடுந்தீவையும் மாணவர்களின் குரல்களையும் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு தனி மலராகக் கொண்டுவரலாம். முதல் கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில், அம்மம்மாவிடம் படித்தவர்கள் தொடர்புகொள்ள ஒரு இலக்கத்தைப் போட்டுவிடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்க முன் எனக்கு அனுப்பினால் ஒப்புநோக்கித் தருகிறேன். கொப்பி வரிகளில் உள்ள பேச்சு வழக்கை அச்சகத்தில் யாரும் 'திருத்தி'விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.