சீப்புக் கோடுகளை முதலில் எடுங்கள், அப்புறம் சுருக்கலாம்

கேள்வி: பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கேம்கார்டரில் எடுத்த கல்யாண, காதுகுத்து வீடியோக்கள் ஃபுல் ஹெச்டியில், எம்டிஎஸ் ஃபைல்களாக இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. இலவச மென்பொருளில் தரம் கெடாமல் சுருக்க முடியுமா? ஒருமுறை மாற்றிப் பார்த்தபோது, கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வந்தன.

பதில்: அந்தக் கோடுகளிலிருந்தே தொடங்குவோம். எந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) என்ற கேள்வியைவிட அதுதான் முக்கியம்.

உங்களுடையவை ஏவிசிஹெச்டி ஃபைல்கள். 2006இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த முறை அது. இந்தியாவில் விற்ற அந்தக் காலக் கேம்கார்டர்கள் பெரும்பாலும் நொடிக்கு 50 அரைப்படங்களாகத்தான் பதிவு செய்தன. முதலில் ஒன்றுவிட்டு ஒரு வரி, அடுத்த 1/50 நொடியில் மீதி வரிகள். இரண்டையும் ஒரே படமாக ஒட்டும்போது, இடையில் நகர்ந்துவிட்ட கை இரண்டு இடத்தில் தெரிகிறது. அதுதான் நீங்கள் பார்த்த சீப்பு. அதோடு என்கோட் செய்துவிட்டால், அதாவது புதிய ஃபைலாகச் சுருக்கி எழுதிவிட்டால், கோடுகள் படத்திலேயே ஊறிவிடும், பிறகு சுத்தமாக எடுக்க முடியாது.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் (சீப்புக் கோடுகளை எடுப்பது) என்பதற்கு யாடிஃப், அதன் ப்ரீசெட்டாக பாப், வீடியோ பகுதியில் பிரேம் ரேட் 50 என்று வையுங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு அரைப்படமும் ஒரு முழுப்படமாகும். 25 என்று வைத்தால் ஃபைல் சிறிதாகும்தான், ஆனால் ஓடி வரும் குழந்தையின் அசைவில் பாதி போய்விடும். நான் அதைச் செய்யவே மாட்டேன்.

அடுத்து கோடெக். வீட்டு டிவியிலும் பழைய போனிலும் ஓட வேண்டுமென்றால் எக்ஸ்264 போதும். 2018இல் வந்த ஏவி1 இதைவிட நன்றாகச் சுருக்கும், உரிமத் தொகையும் கிடையாது. ஆனால் கொஞ்சம் பழைய டிவி அதைத் திறக்காது. குடும்ப வீடியோவை நாலு வீட்டில் பார்ப்பார்கள் என்பதால் இப்போதைக்கு என் ஓட்டு எக்ஸ்264க்குத்தான்.

பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா என்பதை, நீங்களே நிர்ணயிக்க வேண்டாம். கெட்டிமேளம் கொட்டி அட்சதை பறக்கும் அந்த ஐந்து விநாடியை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான மணிகள் ஆளுக்கொரு திசையில் பறக்கின்றன, பின்னால் பட்டுப்புடவை ஜரிகை மின்னுகிறது. குறைந்த பிட்ரேட்டில் கட்டிப்போட்டால் அட்சதை கட்டம் கட்டமாகக் கரைந்துவிடும். அதனால் கான்ஸ்டன்ட் குவாலிட்டியைத் தேர்ந்தெடுத்து 19 என்று வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். வேகம் ஸ்லோ. கிராஃபிக்ஸ் கார்டு வழியாகச் சீக்கிரம் முடிக்கும் வசதியும் உண்டு, ஆனால் அதே அளவு ஃபைலில் தரம் சற்றுக் குறைவாகவே வரும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள்.

முழுதாக இறங்கும் முன் அந்த அட்சதைக் காட்சி ஒரு நிமிடத்தை மட்டும் என்கோட் செய்து, டிவியில் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 24 மெகாபிட்டில் எடுத்த மூல ஃபைல் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 10.8 ஜிபி, சுருக்க இடமிருக்கும். வெளிச்சம் போதாத மண்டபத்தில் எடுத்தது என்றால் படம் முழுக்கப் பொரிப்பொரியாக இருக்கும். அந்தப் பொரியையும் காப்பாற்றப் போய் ஃபைல் குறையாமலே போகலாம், பெருக்கவும் செய்யலாம். அப்படிப்பட்டதைத் தொடாதீர்கள், மூலமே இருக்கட்டும்.

ஒலியைச் சுருக்க வேண்டாம். டால்பி ஒலியை பாஸ்த்ரூவில் அப்படியே விடுங்கள். நொடிக்கு 256 கிலோபிட் என்றாலும் மணிக்கு 115 எம்பிதான், அதை மிச்சம் பிடிக்க நாதஸ்வரத்தைக் கெடுப்பானேன்?

எடுத்த தேதியும் நேரமும் எம்டிஎஸ்ஸுக்குள்ளேயே பதிந்திருக்கும். என்கோட் செய்ததும் அது போய்விடும், எனவே ஃபைல் பெயரிலேயே தேதியை எழுதுங்கள். எவ்வளவு நன்றாகச் சுருக்கினாலும் கொஞ்சம் இழப்பு உண்டு. மூலத்தை அழிக்காமல் இன்னொரு டிஸ்க் வாங்கி, முழுவதையும் அதில் ஏற்றி, உறவுக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.