எந்த மாதத்துக் கொரோனா?

கேள்வி: கொரோனா காலத்தை வைத்து எழுதப்படும் கதைகள் எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன. வீட்டுக்குள் முடங்கிய கணவன் மனைவி, வெறிச்சோடிய தெரு, கடைசியில் ஒரு மரணம். மக்களே மறந்துவிட்ட விஷயத்தை இன்னும் ஏன் பிரசுரிக்கிறீர்கள்?
- வாசகர், விருதுநகர்

பதில்: ஒரே மாதிரி இருக்கின்றன என்பது சரி. அதற்காக நிறுத்த வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன்.

எங்களுக்கு வரும் கதைகளில் பெரும்பாலானவை இரண்டு வருடங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. ஊரடங்கு, ஆன்லைன் வகுப்பு, ஆக்சிஜன் தட்டுப்பாடு, தடுப்பூசி எல்லாம் ஒரே வாரத்தில் நடந்ததுபோல் வந்து விழுகின்றன. 2020 ஏப்ரலில் நாம் இருந்த நிலை வேறு, 2021 மே மாதத்தில் இருந்த நிலை வேறு. அந்த வித்தியாசம் போய்விட்டால் கதையில் மிஞ்சுவது பொதுவான சோகம் மட்டும்தான்.

2020 ஏப்ரலில் நம்மில் பலருக்குத் தெரிந்தவர்கள் யாருக்கும் தொற்று வரவில்லை. பயம் மட்டும் வந்துவிட்டது. அது நோயைப் பற்றிய பயம் மட்டுமா? செவிலியர்களை வீட்டைக் காலி செய்யச் சொன்ன உரிமையாளர்கள் இருந்தார்கள். சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. கடைசியில் சக மருத்துவர் ஒருவர் இரவோடு இரவாக, ஊழியர்கள் துணையோடு தானே மண் தள்ளிக் குழியை மூடினார். கல்லெறிந்தவர்கள் யாரும் தொழில்முறை ரவுடிகள் அல்ல, நம்மைப் போன்ற தெருவாசிகள். அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவரின் பார்வையில் எழுதப்பட்ட கதை எனக்கு ஒன்றுகூட வரவில்லை. கிருமியையே வில்லனாக்கிவிட்டால் நம்மைப் பற்றி எழுத வேண்டியதில்லை அல்லவா?

அப்புறம் 2021. ஏப்ரல் 6இல் தேர்தல். பிரசாரக் கூட்டங்களில் முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. அடுத்த மாதமே சென்னை அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன, படுக்கை கிடைக்கும்வரை வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் கொடுத்தார்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிருக்காக இரவெல்லாம் காத்திருந்தார்கள். அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. அப்பாவுக்காக நின்ற மகனுக்கு அது தெரிந்திருந்தாலும் வரிசையை விட்டு நகர்ந்திருப்பானா? டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார், வேறென்ன செய்வான்? அவன் மருந்தோடு திரும்பினானா, அதற்குள் போன் வந்துவிட்டதா, பிழைக்காத அப்பாவை நினைத்து இன்றைக்கும் அந்த ஓர் இரவின் தாமதத்தைச் சுமக்கிறானா? இதெல்லாம் எழுத்தாளர் போகவேண்டிய இடம். அதேபோல், தொற்றை வீட்டுக்கு யார் கொண்டுவந்தது என்ற கேள்வியை இதுவரை யாரும் வாய்விட்டுக் கேட்காத குடும்பங்கள் இருக்கின்றன. ஒரே கூரையின் கீழ் அந்த மௌனத்தோடு வாழ்கிறார்கள்.

மக்கள் மறந்துவிட்டார்கள் என்கிறீர்கள். 1918இல் பரவிய இன்ஃபுளுயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றதாக மதிப்பிடுகிறார்கள். இந்திக் கவிஞர் நிராலா அதில் மனைவியை இழந்தார். கங்கையில் பிணங்கள் நிறைந்து கிடந்ததைப் பின்னாளில் எழுதினார். அப்படி எழுதியவர்கள் மிகக் குறைவு. நம் கொள்ளுத்தாத்தா தலைமுறை கண்ட அவ்வளவு பெரிய சாவைப் பற்றி நம் வீடுகளில் இன்று பேச்சே கிடையாது. இன்னொரு முறையும் அப்படி விட்டுவிடச் சொல்கிறீர்களா?

எனவே பிரசுரிப்போம். தேர்வில் மட்டும் கறாராக இருப்போம். வானம் தெளிந்தது, குருவிகள் திரும்பின என்று தொடங்கும் கதைகள் போதும். எந்த மாதம், எந்த ஊர், அந்த மனிதருக்கு என்ன வேலை என்பது முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். நீங்களும் எழுதலாம். அந்த 2020 ஏப்ரலில் பல ஊர்களில் எல்லையில் முள் வெட்டிப் போட்டு வழியை மறித்தார்களே, உங்கள் பக்கத்தில் அதைச் செய்தது யார், மறுபக்கம் வந்து நின்றது யார் என்று நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள்.