லாக்ராஸ் வீடுகளின் ஓவிய விதானங்கள்: எங்கே, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: குடும்பத்தோடு தென் பிரான்ஸ் போகிறோம், கார்கசோனில் இரண்டு நாள் தங்குகிறோம். பக்கத்தில் லாக்ராஸ் என்ற கிராமத்தில், இடைக்கால வீடுகளின் விதானங்களில் ஓவியங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். வீடுகளுக்குள் விடுவார்களா? எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: எல்லா வீட்டுக்குள்ளும் விடமாட்டார்கள். பெரும்பாலானவற்றில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நீங்கள் நேரே போக வேண்டிய இடம் 'மேசோன் ஓ இமாஜ்', அதாவது படங்களின் வீடு. 15-ஆம் நூற்றாண்டு விதானத்தை அது இருக்கும் அறையிலேயே நின்று பார்க்கலாம். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் சுற்றுலா அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் எங்கே பார்ப்பது என்பதுதான் பலருக்கும் பிடிபடாது. விதானம் முழுக்க ஒரே பெரிய ஓவியமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறார்கள். அப்படி இல்லை. சுவருக்குச் சுவர் பெரிய உத்திரங்கள் போகும். அவற்றின் மேல் குறுக்கே வரிசையாகச் சட்டங்கள். ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் நடுவில், உத்திரத்துக்கு மேலே ஒரு சந்து விழும் அல்லவா? அதை அடைக்க இரண்டு சாண் நீளத்தில் ஒரு பலகை செருகுவார்கள். க்ளோஸ்வார் என்பார்கள். படங்கள் பெரும்பாலும் அந்தப் பலகைகளில்தான் இருக்கின்றன. எனவே அறையின் நடுவில் நின்று தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள், கழுத்துதான் வலிக்கும். சுவரோரம் நின்று, எதிரே உள்ள உத்திரத்தின் மேல்விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள்.

பலகையைக் கீழே வைத்தே தீட்டிவிட்டு, பிறகு மேலே ஏற்றிப் பொருத்துவது வழக்கம். சிவப்பு அல்லது நீலப் பின்னணி, அதன் மேல் உருவம், சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு. கிட்டத்தில் பார்த்தால் அவசர வேலை போலத் தெரியும். ஆனால் தரையில் நிற்பவரின் கண்ணுக்கு எது எட்டும் என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

படங்களை வரிசையாகக் கோத்துக் கதை தேட வேண்டாம். முதலில் குலச்சின்னங்களைப் பாருங்கள். வீட்டுக்காரர் தன் சின்னத்தோடு, தான் சார்ந்திருந்த பெரிய இடங்களின் சின்னங்களையும் வரையச் சொல்வார். விருந்துக்கு வந்தவருக்கு அதுவே அறிமுகம். இன்று ஆய்வாளர்கள் விதானத்தின் காலத்தைக் கணிக்கவும் இவை உதவுகின்றன.

அப்புறம் மற்றவை: வாத்தியம் வாசிக்கும் விலங்குகள், பாதி மனிதன் பாதி மிருகமான உருவங்கள், காதலர்கள், கழைக்கூத்தாடிகள். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கொச்சையான படங்களும் உண்டு, பின்புறத்தைத் திறந்து காட்டும் ஆள் உட்பட. அதற்காகத் தயங்க வேண்டாம். அந்தக் காலத்து மக்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பதைத் தேவாலயச் சுவரைவிட இந்தப் பலகைகள்தான் வெளிப்படையாகச் சொல்கின்றன. கபெஸ்தாங் என்ற ஊரில் நார்போன் நகரப் பேராயர்களின் மாளிகை விதானத்திலேயே இப்படிப் படங்கள் இருக்கின்றன.

நிறம் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் கணப்படுப்பின் புகை. பிற்காலத்தில் நாகரிகம் மாறியபோது பல வீடுகளில் இவற்றுக்குக் கீழே சாந்து பூசிய பொய்க்கூரை போட்டு மறைத்துவிட்டார்கள். ரசனை இல்லாமல் செய்த வேலைதான், ஆனால் பல ஓவியங்கள் தப்பியது அதனால்தான்.

சின்ன பைனாகுலர் ஒன்று கட்டாயம் எடுத்துப் போங்கள். கேமராவைவிட அதுதான் உதவும். ஃபிளாஷ் வேண்டாம். அறை மங்கலாக இருக்கும், கண் பழகச் சில நிமிடம் கொடுங்கள்.

லாக்ராஸுக்கு அரை நாள் போதும். மீதி நேரத்தில் ஓர்பியூ ஆற்றைக் கடந்து மடாலயத்தையும் பார்த்துவிடலாம். அது இரண்டு பகுதியாகப் பிரிந்திருக்கிறது, நிர்வாகமும் வேறு வேறு. எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்று பார்த்து டிக்கெட் வாங்குங்கள். கார் இருந்து, இன்னொரு நாளும் ஒதுக்க முடிந்தால் கபெஸ்தாங் போய் வாருங்கள். பெசியே நகருக்குப் பக்கம்தான்.