தகுதி இருந்தும் இடம் இல்லையா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எம்.எஸ்சி. உளவியலில் 74 சதவீதம். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதி பி.எச்டி. சேர்க்கைக்கும் தகுதி பெற்றேன். ‘தேயிலைத் தொழிலாளர்களின் மன அழுத்தம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். நெட்டில் என்னைவிடக் குறைந்தவருக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். இது எப்படி?
- வாசகி, கோத்தகிரி

பதில்: ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இல்லாமல் நெட் வழியாக வருபவர்களுக்கு நெட்டுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கணக்கு. நெட்டில் நூற்றுக்கு நீங்கள் 92, அவர் 88 என்று வைத்துக்கொள்வோம். 70-க்கு மாற்றினால் இடைவெளி 2.8 மட்டுமே. நேர்முகத்தில் நீங்கள் 17, அவர் 21 வாங்கினால் அவர் 82.6, நீங்கள் 81.4. உங்கள் 74 சதவீதம் இந்தக் கணக்கில் வராது. தகுதிக்கு வேண்டிய 55 சதவீதத்தைத் தாண்டியதோடு அதன் வேலை முடிந்தது.

ஆய்வை வழிநடத்தும் நெறியாளரிடம் காலியிடம் இருந்ததா என்றும் பாருங்கள். ஒரு பேராசிரியர் 8 ஆய்வு மாணவர்கள், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர்வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுகூட இல்லாதவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. துறைப் பட்டியலில் நெறியாளர் பெயர் இருப்பதை நம்பி விண்ணப்பிப்பவர்கள்தான் அதிகம்!

தலைப்புக்கு வருவோம். அது வெறும் தலைப்பு, ஆய்வுக் கேள்வி அல்ல. யாருடைய அழுத்தம்? இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீயின் தொழிலாளர்களா, சொந்த நிலத்தில் கொழுந்து பறிக்கும் நீலகிரியின் படுகர் குடும்பங்களா? எதனோடு தொடர்பு: கடனா, தூக்கமா, கூலியா? அழுத்தத்தை அளக்க எந்த அளவுகோல் (வினாப் படிவம்)? ஆங்கில அளவுகோலைத் தமிழாக்கி, வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிட்டு, சிறு குழுவிடம் சோதித்த பிறகே களத்துக்குப் போகலாம். வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசுபவரிடம் தமிழ்ப் படிவம் போதுமா என்று நேர்முகத்தில் கேட்டால் பதில் இருக்க வேண்டும். ‘மாதிரி 300 பேர்’ என்றால் ஏன் 300 என்பார்கள். அழுத்தம், தூக்கம் போன்ற இரண்டு மாறிகளுக்கிடையே 0.3 அளவு ஒட்டுறவைக் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்) கண்டுபிடிக்க, வழக்கமான 80 சதவீதத் திறனில் (அதாவது, தொடர்பு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), சுமார் 85 பேர் போதும்; 0.2 என்றால் 200-ஐ நெருங்கும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி, நெறிமுறைக் குழு ஒப்புதல், கொழுந்து மும்முரமான மாதங்களைத் தவிர்த்த கால அட்டவணை ஆகியவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். நேர்முகத்தில் நீங்கள் பின்தங்கிய அந்த நான்கு மதிப்பெண்ணை இந்த ஒரு பக்கம்தான் தரும்.

பி.எச்டி. சேர்க்கைக்கான நெட் மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். அடுத்த அறிவிப்புக்குள் அது காலாவதியாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலும் இப்படித்தானா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: அங்கே இப்படி ஒரே சூத்திரம் கிடையாது. பெரும்பாலான உளவியல் துறைகளில் குறிப்பிட்ட பேராசிரியரின் ஆய்வகத்துக்கே ஆள் எடுக்கிறார்கள். அந்த ஆண்டு அவர் எடுக்கவில்லை என்றால் எவ்வளவு மதிப்பெண் இருந்தும் பயனில்லை. செப்டம்பரிலேயே சுருக்கமாக மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிடுங்கள். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் தொடக்கம். பரிந்துரைக் கடிதம் பொதுவாக மூன்று. ‘நல்ல மாணவர்’ என்ற கடிதம் எடுபடாது. தரவைச் சேகரித்தீர்களா, பகுப்பாய்வும் செய்தீர்களா என்பதை உடனிருந்து பார்த்த ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.