பள்ளியில் வீடியோ கேம் வைத்துப் பாடம் நடத்துகிறார்களாம், அதற்குத் தனிக் கட்டணமும் கேட்கிறார்கள். பிள்ளை உண்மையில் எதையாவது கற்றுக்கொள்வானா?

கட்டணம் என்ற சொல்லைப் பார்த்ததுமே தனியார் பள்ளி என்று புரிந்துவிட்டது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ சேர்த்திருப்பீர்கள். பையன் ஆறாவதோ ஏழாவதோ படிப்பான். பெற்றோர் கூட்டத்தில் பளபளவென்று ஒரு படக்காட்சி போட்டுவிட்டு, காபி கொடுக்கும் நேரத்தில் தொகையைச் சொல்லியிருப்பார்கள். இதில் ஏதாவது தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். பாமணியாற்றுப் பாசனம், கிட்டத்தட்ட கடைமடை. உங்கள் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. காரணம், வகுப்பில் கேம் வைத்ததற்காக விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கேம் ஆடட்டும் என்று சொல்ல வரவில்லை. கொரோனா விடுமுறையில் அப்பா போனில் ஃப்ரீ ஃபயர் ஆடி, தூக்கம் கெட்டு, கண் சிவந்து வந்த பிள்ளைகளை நானும்தான் பார்த்தேன். 2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தபோது ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு மறந்திருந்தது, துப்பாக்கிப் பெயர்கள் மட்டும் மறக்கவில்லை. அடுத்த பிப்ரவரியில் அந்த விளையாட்டை அரசு தடை செய்ததும் வேறு பெயரில் வேறொன்றுக்குப் போய்விட்டார்கள். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்க யாரும் வரவேண்டாம்.

வாய்ப்பாட்டை மீட்கத்தான் முதன்முதலில் கேமைத் தொட்டேன். பலூன் மேலே ஏறும், அதில் 7 x 8 என்று இருக்கும், கீழே நான்கு விடைகள், சரியானதைத் தட்டினால் பலூன் வெடிக்கும். வகுப்பே துள்ளியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பையனின் பின்னால் போய் நின்று பார்த்தேன். கணக்கை அவன் படிக்கவே இல்லை. நான்கு விடைகளையும் படபடவென்று வரிசையாகத் தட்டினான். தப்புக்கு அபராதம் எதுவும் கிடையாது, நான்கில் ஒன்று எப்படியும் வெடிக்கும். கேட்டதற்கு, "இப்படித்தான் சார் சீக்கிரம் முடியும்" என்றான். உண்மைதான், அவன் கற்றுக்கொண்டது அந்த விளையாட்டை, வாய்ப்பாட்டை இல்லை. உங்கள் மகன் பள்ளியில் காட்டியதும் இந்த ரகமாக இருந்தால் காசு கொடுக்காதீர்கள். பலூன் வாங்கி ஊதிக் கொடுங்கள், மலிவு.

சரி, இரண்டாவது கதை. அதுதான் கடிதம் வரை போனது.

2022-ல் மேட்டூர் அணையை மே 24-ஆம் தேதியே பாசனத்துக்குத் திறந்துவிட்டார்கள். வழக்கமாக ஜூன் 12 தான். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் தடவை. ஜூன் 13-ல் பள்ளி திறந்தபோது ஊரில் தண்ணீரைத் தவிர வேறு பேச்சில்லை. என் அக்கா மகன் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்திருந்தான், அதில் மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டு இருந்தது. (அவன் காசு கொடுத்து வாங்கியதுதான், திருட்டுப் பிரதி இல்லை. இதை எழுதாவிட்டால் யாராவது கேட்பார்கள்.) மண், கல், மரம் எல்லாம் சதுரச் சதுர பிளாக்குகளாக இருக்கும், வெட்டலாம், அடுக்கலாம், வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றலாம். கரிகாலன் கல்லணை கட்டினான் என்பதைப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைவிட நீடாமங்கலம் மூணாறு தலைப்பை, அதாவது ஆறு மூன்றாகப் பிரியும் மதகுகளை, கட்டச் சொல்லலாம் என்று தோன்றியது. வெண்ணாறு அங்கேதான் பிரிகிறது. ஒரு பக்கம் கோரையாறு, ஒரு பக்கம் எங்கள் பாமணியாறு, நடுவில் வெண்ணாறு. ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர், இருபத்துமூன்று பேர். மூன்று ஆற்றுக்கு மூன்று அணி, ஆளுக்கு ஐந்து நிமிடம் மவுஸ்.

முதல் நாள் தலைப்பில் வாளியைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் ஓடியது, ஏழு பிளாக் போனதும் நின்றுவிட்டது. மறுபடி ஊற்றினாலும் ஏழுதான். அந்த விளையாட்டில் சமதளத்தில் தண்ணீர் அதற்கு மேல் போகாது. "கடைமடைக்கு வரலை சார்" என்று ஒருத்தி சொன்னாள், வகுப்பே சிரித்தது. லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் ஊழியர்) மகன் ஒருவன்தான் கண்டுபிடித்தான், ஏழாவது இடத்தில் ஒரு பிளாக் பள்ளம் வெட்டினால் தண்ணீர் இறங்கி மறுபடி ஏழு பிளாக் ஓடும். அப்படியே படிபடியாக வெட்டிக்கொண்டு போனார்கள். நிஜ வாய்க்காலில் இப்படிப் படி இருக்கிறதா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஊர்க் கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் டியூப் லெவலை இரவல் வாங்கி, பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் கரையில் பிடித்துப் பார்த்தோம். நூறு அடி தூரத்துக்கு அரை விரல்கூட இறக்கம் இல்லை. இந்தச் சரிவில்தான் தண்ணீர் கடல் வரை போகிறது என்பதை அன்றைக்குத்தான் நானும் கண்ணால் பார்த்தேன். பதினான்கு வருடமாக அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் இன்னொன்று நடந்தது. மூன்று ஆற்றுக்கும் ஷட்டர் வைத்தார்கள். ஷட்டர் என்றால் ஒரு பிளாக் மண், அவ்வளவுதான். பாமணியாற்று அணி தங்கள் மண்ணை எடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் மூடு என்று கத்தியது. கோரையாற்று அணி முடியாது என்றது. ஒரே கூச்சல். அதன் நடுவில் பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். அதிகம் பேசாதவள். "சார், ஒண்ணு திறந்தாலும் மூணு திறந்தாலும் எல்லாத்துலயும் அதே தண்ணிதான் ஓடுது. கொறையவே இல்லையே. அப்புறம் எதுக்கு எங்கப்பா போன வருஷம் மதகுல போய் சண்டை போட்டாரு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவள் சொன்னது சரி. அந்த விளையாட்டில் தண்ணீரைப் பங்கு போட்டால் குறையாது. இரண்டுக்கு இரண்டு குழி வெட்டி எதிரெதிர் மூலையில் இரண்டு வாளி ஊற்றினால், அதில் எவ்வளவு மொண்டாலும் தீராது. அதைப் பையன்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து, "கர்நாடகாகிட்ட கேக்கவே வேணாம் சார்" என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். செய்தவர்கள் சுவீடன்காரர்கள், முறைப்பாசனத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? மறுநாள் பிளாஸ்டிக் வாளி ஒன்றில் மூன்று ஓட்டை போட்டு மூன்று குழாய் செருகி முற்றத்தில் வைத்தேன். ஒன்றைத் திறந்தால் எவ்வளவு வேகம், மூன்றையும் திறந்தால் எவ்வளவு என்று பார்த்தார்கள். அங்கிருந்து மேட்டூருக்குப் போனோம். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி., அதுதான் நம் வாளி, ஓட்டை எத்தனை என்று எண்ணுங்கள் என்றேன். முறை வைத்துத் தண்ணீர் விடுவது ஏன் என்பதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வாளிக்கு என் காசு.

வாளி மட்டுமே போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வாளியை முன்பும் வைத்துக் காட்டியிருக்கிறேன், கொட்டாவி விட்டார்கள். கேமில் தண்ணீர் குறையாததைப் பார்த்து வந்த கேள்வி அது, கேள்வி இருந்ததால்தான் வாளியைப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் கூச்சலை ஜன்னல் வழியாக யாரோ வீடியோ எடுத்து, 'வாத்தியார் முன்னிலையில் கேம் ஆட்டம்' என்று ஊர் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். ஒரு அம்மா பள்ளிக்கே வந்து, "நாங்க போனைப் புடுங்கி அரிசிப் பானைக்குள்ள வெக்கிறோம், நீங்க சொல்லிக் குடுக்குறீங்களே சார்" என்று அழாத குறையாகக் கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. மேலே இருந்து விளக்கம் கேட்டவர் மேல்தான் வருத்தம். நான் எழுதிய மூன்று பக்கத்தையும் படிக்காமல், "இனிமே வேணாம், முடிச்சுக்குங்க" என்றார். கடிதத்தில் இது நேற்று முளைத்த கூத்து இல்லை என்றுகூட எழுதியிருந்தேன். 1971-ல் அமெரிக்காவில் மினசோட்டாவில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்த ஒரு பலகை விளையாட்டை வரைய, கூடத் தங்கியிருந்த நண்பர்கள் இருவர் அதைக் கணினிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஓரிகன் டிரெயில் என்று பெயர். அப்போது திரையே கிடையாது, எல்லாம் தாளில் அச்சாகி வரும். வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போகும் குடும்பம், சோறு தீர்ந்தால் சாவு. அதிலும் பூர்வகுடிகளைக் காட்டிய விதம் சரியில்லை என்று பிற்பாடு பேச்சு வந்தது. செய்தவர் எதை விட்டுவிட்டாரோ அது விளையாட்டில் இருக்காது, பக்கத்தில் ஒரு ஆசிரியர் இருந்து அதைக் காட்ட வேண்டும்.

அந்த மே 24-ஐ ஒட்டி என் சொந்தக் கதை ஒன்றும் உண்டு. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தாண்டிப் போகலாம். சீக்கிரம் தண்ணீர் வருகிறதே என்று நானும் ஒன்றரை ஏக்கர் குறுவை போட்டேன். அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோன அன்று மழை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், மெஷின் 21 காட்டியது. ஒன்பது நாள் சாலையில் கொட்டிக் காயவைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி காவல் படுத்து, கடைசியில் மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறியதும் அதே நெல்லுக்கு மெஷின் 17 காட்டியது. அந்த மெஷினும் பலூன் கேம் மாதிரிதான், தட்டிக்கொண்டே இருந்தால் சரியான விடை வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். லஸ்கர் மகன் பெரிய ஆளாகிவிட்டான் என்று முடிப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள். காலாண்டில் சமூக அறிவியலில் 31 வாங்கினான். தேர்வில் கேட்டது கல்லணையைக் கட்டியவர் பெயரைத்தான். நீங்கள் பள்ளியில் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள். கேம் ஓடும்போது ஆசிரியர் எங்கே இருப்பார், முடிந்த மறுநாள் வகுப்பில் என்ன செய்வார்? பதில் இருந்தால் கட்டணத்தைப் பற்றிப் பேசலாம். 'சாஃப்ட்வேரே எல்லாம் பார்த்துக்கொள்ளும்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: மைன்கிராஃப்டில் எரிமலைக் குழம்பும் ஏழு பிளாக் ஓடுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சாதாரண நிலத்தில் மூன்றுதான். கடைசி நாள் பையன்கள் பள்ளிக்கூடம் ஒன்றைக் கட்டி அதன் தலையில் ஊற்றிப் பார்த்தார்கள். மரத்தில் கட்டியிருந்தார்கள், தலைமையாசிரியர் அறை முதலில் எரிந்தது. நல்லவேளை, அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.