கட்டைவிரலுக்கு ஒரு துளை: ரைஃபிள் ஸ்டாக் பற்றிய கேள்வி பதில்

சில ரைஃபிள்களின் ஸ்டாக்கில், அதாவது கையால் பிடித்துத் தோளில் ஊன்றும் உடல்பகுதியில், கை பற்றும் இடத்துக்குப் பின்னால் ஒரு துளை குடைந்திருப்பார்கள். கட்டைவிரல் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வரும். இதுதான் தம்ப்ஹோல் ஸ்டாக். சென்ற வாரம் இதைப் பற்றி ஒரு வரி எழுதிவைக்க, கேள்விகள் குவிந்துவிட்டன. இளமையில் 50 மீட்டர் ரைஃபிள் சுட்டவன் நான். இப்போது பிறருடைய ஸ்டாக்குகளைச் செதுக்கிச் சரிசெய்து கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கோவைக் கல்லூரி மாணவர்: துளை வைத்த ஸ்டாக் வாங்கினால் குறி தப்பாது என்கிறார் கடைக்காரர். உண்மையா ஐயா?

அவர் விற்க வேண்டும், பாவம். துளை குறி பார்க்காது தம்பி.

அது செய்யும் வேலை வேறு. எழுந்து நின்று, யாருக்கோ கைகுலுக்கப் போவதுபோல் வலக்கையை நீட்டுங்கள். கட்டைவிரல் மேலே பார்க்கும், மணிக்கட்டு எந்தப் பக்கமும் வளையாது. இப்போது ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கிப் பாருங்கள், நேராகப் பின்னால் வரும். அடுத்து, கை பற்றும் கழுத்துப்பகுதி சாய்ந்திருக்கும் பழைய ஸ்டாக்கைப் பிடிப்பதுபோல் மணிக்கட்டைக் கீழ்நோக்கி வளைத்துக்கொண்டு அதே விரலை மடக்குங்கள். முழங்கைவரை ஒரு நரம்பு இழுப்பது தெரியும். துளை வைத்த ஸ்டாக்கில் பிடி ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால் கை முதல் நிலையிலேயே இருக்கும். விசையை இழுக்கும்போது ரைஃபிள் பக்கவாட்டில் அசைவது குறையும். ஒவ்வொரு முறையும் கை அதே இடத்தில் போய் உட்காரும். ஆதாயம் இவ்வளவுதான், ஆனால் இது சின்ன விஷயம் அல்ல. மண்டியிட்டும் படுத்தும் நின்றும் மாறி மாறிச் சுடும் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் இத்தகைய ஸ்டாக்குகள் வெகுநாளாகப் புழங்குவது அதனால்தான். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றாரே, அந்தப் போட்டிதான் இது.

திருச்சி வாசகர்: 10 மீட்டர் ஏர் ரைஃபிள் மாவட்டப் போட்டிக்கு இதைக் கொண்டு போகலாமா?

கூடாது. சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் கட்டைவிரல் துளைக்குத் தடை இருக்கிறது. எடையும் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. துளைக்கு அனுமதி உள்ள 50 மீட்டர் ரைஃபிளுக்கு 8 கிலோவரை இடம் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டு உபகரணச் சோதனை மேசையில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மலேசியாவிலிருந்து ஒருவர்: போல்ட் இழுப்பதற்குச் சிரமம் என்கிறார்களே?

சிரமம்தான். போல்ட் என்பது ஒவ்வொரு குண்டையும் ஏற்றக் கையால் இழுத்துத் தள்ளும் தண்டு. துளைக்குள் இருக்கும் விரலை வெளியே எடுத்து, போல்ட்டை உயர்த்தி, இழுத்து, தள்ளி, இறக்கி, மறுபடி விரலை நுழைக்க வேண்டும். சாதாரண ஸ்டாக்கில் கட்டைவிரல் கழுத்தின் மேல் சும்மா கிடக்கும், நினைத்தவுடன் கிளம்பிவிடும். காகித இலக்கில் ஒவ்வொரு குண்டாக நிதானமாகச் சுடுபவருக்கு இந்தத் தாமதம் பொருட்டே அல்ல. வேட்டைக்கு உரிமம் தரும் நாடுகளில், அடிபட்ட விலங்கை இரண்டாவது குண்டால் உடனே வீழ்த்த வேண்டியவருக்கு அது பெரிய குறை. குளிருக்குத் தடித்த கையுறை போட்டவருக்குத் துளையில் விரலே நுழையாது. ரிசீவருக்கு, அதாவது போல்ட் ஓடும் உலோகக் கூட்டுக்குப் பின்னால் கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பொத்தான் உள்ள ரைஃபிள்களில் இன்னொரு தொல்லை: சாதாரணமாக அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கும் விரல் துளைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

ரைஃபிள் ஓரிடத்தில் கிடக்கும் என்றால் துளை வாங்குங்கள். தூக்கிக்கொண்டு நடப்பீர்கள் என்றால் வேண்டாம். என் கட்சி இதுதான்.

சேலம் வாசகர்: நடுவில் முறித்து ஸ்பிரிங்கை ஏற்றும் ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறேன். துளை வைத்த ஸ்டாக் மாற்றியபின் குறி இன்னும் மோசமாகிவிட்டது. ஸ்டாக்கில் பழுதா?

பழுது ஸ்டாக்கில் இல்லை, பிடியில் இருக்கிறது. நானும் இதே குழியில் விழுந்தவன். புது ஸ்டாக் மாட்டிய மகிழ்ச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் சுட்டேன். பழைய ஸ்டாக்கில் ஐந்து பெல்லட்டும் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும். புதியதில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. ஸ்கோப் தளர்ந்துவிட்டது என்று மூன்று முறை திருகை முறுக்கினேன். கடைசியில், அலுப்பில் விரல்களைத் தளரவிட்டபோதுதான் பெல்லட்டுகள் ஒன்றுகூடின.

காரணம் இது: ஸ்பிரிங் ரைஃபிளில் பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே, காற்றை அழுத்தும் பிஸ்டன் பாய்ந்து ரைஃபிளையே குதிக்கவைத்துவிடும். அந்தக் குதிப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். அதற்கு ரைஃபிளைத் தொட்டும் தொடாமலும், கைக்குழந்தையை ஏந்துவதுபோல் வைத்திருக்க வேண்டும். துளையோ கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லும் அமைப்பு. ஒருமுறை இறுக்கம், ஒருமுறை தளர்வு, பெல்லட் திசைக்கு ஒன்றாகப் போகும். துளைக்குள் விரலை நுழைக்காமல், விசை விரல் இருக்கும் பக்கத்திலேயே கட்டைவிரலை நிறுத்திச் சுட்டுப் பாருங்கள். துளைக்குக் காசு கொடுத்துவிட்டு அதைப் பயன்படுத்தாதே என்கிறானே என்று கோபிக்க வேண்டாம், பெரிய போட்டியாளர்கள் பலரும் இதைச் செய்கிறார்கள்.

அழுத்தக் காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. ரைஃபிளில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் துளை நன்றாகவே பொருந்தும்.

மதுரை வாசகி: என் மகள் இடக்கைப் பழக்கம் உள்ளவள். அவளுக்கு ஆகுமா?

முதலில் அவளுக்கு எந்தக் கண் வலிமையானது என்று பாருங்கள் அம்மா. இரு கைகளையும் நீட்டி, நடுவில் சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் மறையாமல் தெரிகிறதோ அதுதான் குறி பார்க்கும் கண். பொதுவாக அந்தப் பக்கத் தோளில்தான் ஸ்டாக் உட்கார வேண்டும். வலக்கண் என்று தெரிந்தால், பயிற்சியாளர் அவளை வலத்தோளிலேயே பழக்கக்கூடும்.

இடக்கண்தான் என்றால், வலக்கைக்காரருக்குச் செதுக்கிய துளை ஸ்டாக்கைத் தொடவே வேண்டாம். உள்ளங்கை மேடும் கன்னத்தாங்கியும் தப்பான பக்கத்தில் இருக்கும். சாதாரண ஸ்டாக்கையாவது ஒருவாறு ஒப்பேற்றலாம், இது முடியாது. இரு கைக்கும் பொதுவாகச் செய்தவை கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் துளையின் சிறப்பே பாதி போய்விடும்.

காரைக்குடி வாசகர்: எங்கள் ஊர்த் தச்சர் தேக்கில் பிரமாதமாகச் செதுக்குவார். அவரிடமே கொடுத்துவிடலாமா?

உங்கள் தச்சர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வேலைப்பாடு வேறு, தாங்குதிறன் வேறு. துளை குடைந்தபின் மேலே ஒரு மெல்லிய பாலமும் கீழே செங்குத்தான பிடியும்தான் மிஞ்சும். மரத்தின் ரேகை ஸ்டாக்கின் நீளவாக்கில் ஓடும்போது, பிடி அதற்குக் குறுக்கே நிற்கிறது. ஒருமுறை கீழே விழுந்தால் அங்கேதான் முறியும். என் பட்டறை மூலையில் அப்படி முறிந்த ஒன்று கிடக்கிறது. உடைந்த முகத்தில் ரேகைகள் பிஸ்கட்போல் குட்டை குட்டையாகத் தெரியும். தேக்கு வாகாகப் பிளக்கும் மரம் வேறு. காஷ்மீர் வால்நட் நல்லது. மெல்லிய தகடுகளைப் பிசினால் ஒட்டி அழுத்திய லாமினேட் இந்த வடிவத்துக்கு அதைவிட உறுதி, ஆனால் கனக்கும்.

உரிமம் தேவைப்படும் துப்பாக்கி என்றால் தச்சரிடம் தரவே கூடாது. உரிமம் பெற்ற ஆயுதப் பணிமனைக்குத்தான் போக வேண்டும்.

சென்னை வாசகர்: ராணுவ ஸ்னைப்பர்களும் இதைத்தான் பயன்படுத்துகிறார்களாமே?

சிலர். சோவியத் நாடு 1963இல் ஏற்ற டிரகுனோவ் ஸ்னைப்பர் ரைஃபிளில் ஸ்டாக்கே எலும்புக்கூடுபோல் திறந்திருக்கும். அது தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்வதால் கை நகர வேண்டியதில்லை, துளை இடைஞ்சலும் இல்லை. பிரிட்டனின் எல்96 போல்ட் ரைஃபிள்தான், ஆனாலும் துளை வைத்தார்கள். அதை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடங்கியவர் மால்கம் கூப்பர், 1984, 1988 ஒலிம்பிக்குகளில் மூன்று நிலைப் போட்டியில் தங்கம் வென்றவர். பழகிய பிடியை விட மனம் வருமா?

கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர்: துளை ஸ்டாக் இங்கே சட்டவிரோதம் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

உங்கள் ரைஃபிளைப் பொறுத்தது. அங்கே கழற்றி மாட்டும் மேகசீன் (குண்டுப்பெட்டி) உள்ள, சென்டர்ஃபயர் குண்டு (அடிப்பாகத்தின் நடுவில் அடிபட்டு வெடிப்பது) போடும் செமி ஆட்டோமேட்டிக் (சுட்டவுடன் தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும்) ரைஃபிளில் துளை ஸ்டாக் இருந்தால் அது தாக்குதல் ஆயுத வரையறைக்குள் வந்துவிடும். போல்ட் ரைஃபிளை அந்தப் பிரிவு தொடுவதில்லை. வாங்குமுன் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதன் பின்கதை வேடிக்கையானது. 1989இல் அமெரிக்கா இத்தகைய செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களின் இறக்குமதியைத் தடுத்தது. தனியாகத் தொங்கும் பிஸ்டல் பிடி அப்போது கண்ணை உறுத்திய அம்சங்களில் ஒன்று. சீனாவின் நோரின்கோ அந்தப் பிடியை ஸ்டாக்கோடு இணைத்து நடுவில் ஒரு துளை போட்டு, எம்ஏகே-90 என்ற பெயரில் அனுப்பிவைத்தது. பிறகு சில மாநிலங்கள் துளையின் பெயரையே சட்டத்தில் எழுதிவிட்டன.

தூத்துக்குடி வாசகர்: பழைய துளை ஸ்டாக் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

துளையின் மேல்விளிம்பில் ரேகையோடு ஓடும் விரிசல் இருக்கிறதா என்று விளக்கொளியில் பாருங்கள். மெழுகு பூசி மறைத்திருப்பார்கள், நகத்தால் வருடினால் அகப்படும். பிறகு, ரைஃபிளில் குண்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கண்ணை மூடிப் பிடியுங்கள். விரல் நுனியின் சதைப்பகுதி விசையின் மேல் தானாக விழ வேண்டும். எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தால் பிடி உங்கள் கைக்குப் பெரிது. அதைச் செதுக்கிக் குறைக்கலாம். முதல் மூட்டே விசையில் போய் மடங்கினால் பிடி சிறியது. எம்சீல் உருட்டி ஒட்டி மேடாக்கலாம், நான் பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். விரிசல் இருந்தால் மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.