கேளுங்கோ சொல்லுறன்: 50 லட்சம் தரம் மடங்கின முழங்கால்

கேள்வி: அம்மாவுக்கு 67 வயசு, முழங்கால் ரெண்டும் தேய்ஞ்சு போச்சு, மாத்தத்தான் வேணும் எண்டு டொக்டர் சொல்லிட்டார். கனடாவில இருக்கிற தம்பி, லாப்பில 50 லட்சம் தரம் நடக்கவிட்டு சோதிச்ச சாமான் அது, ஆயுசுக்கும் தேயாது எண்டுறான். உண்மையே? பிறகு அம்மா திருவலையில இருந்து தேங்காய் துருவலாமோ?
- வாசகி, கோண்டாவில்

பதில்: 50 லட்சம் சரி தங்கச்சி, தேயாது எண்டதுதான் பிழை. அந்த ரெஸ்ட் செய்யிறதே எவ்வளவு தேயுது எண்டு நிறுத்துப் பாக்கத்தான்.

மாத்திப் பூட்டுற செயற்கை மூட்டில மேல கோபால்ற் குரோம் உலோகம், கீழ பொலிஎதிலீன் எண்ட கெட்டி பிளாஸ்ரிக் தட்டு, ரெண்டையும் மெசினில பூட்டி செக்கனுக்கு ஒரு அடி கணக்கில நடக்க விடுவினம், ஒவ்வொரு அடிக்கும் உச்சத்தில 2600 நியூற்றன், அதாவது அஞ்சு சீமெந்து பையையும் தாண்டின பாரம் விழும், இரவு பகலா ஓடினாலே முடிய 58 நாள், இடையில நிப்பாட்டி நிறுக்கிற நாள் வேற. மூட்டு உராயேக்க வெறும் தண்ணி விட்டா பிளாஸ்ரிக் படலமா உலோகத்தில ஒட்டி கணக்கு பிழைச்சுப் போகும், அதால கண்டுக்குட்டி இரத்தத்தில இருந்து எடுக்கிற சீரத்தை ஐதாக்கி, உடம்புச் சூட்டில, 37 பாகையில விடுறது. (அம்மா சைவம் எண்டா பயப்பட வேண்டாம், அது லாப்போட சரி!)

நிறுக்கிறதிலயும் ஒரு வில்லங்கம். பிளாஸ்ரிக் சீரத்தைக் குடிச்சு பாரம் கூடும், தேய்ஞ்சது மறைஞ்சிடும். அதுக்காக இன்னொரு தட்டை அதே சீரத்தில ஆட்டாமல் ஊறப்போட்டு, அது எவ்வளவு கூடுதெண்டு பாத்து கழிக்கினம். கணக்கு மில்லிகிராமில.

தட்டு ஓட்டையாகிறதை விட, தேய்ஞ்சு உதிருற பிளாஸ்ரிக் தூள்தான் வில்லன். கண்ணுக்குத் தெரியாத துகளை உடம்பு எதிரி எண்டு நினைச்சுத் தாக்கப் போய், பக்கத்து எலும்பு கரைஞ்சு மூட்டு ஆடத் தொடங்கும்.

இப்ப தம்பியின்ர கணக்குக்கு வாறன். 10 லட்சம் அடிதான் ஏறக்குறைய ஒரு வருச நடை எண்டு எடுக்கிறவை, அப்ப 50 லட்சம் அஞ்சு வருசம், ஆயுசு எங்க வந்தது? அதுக்காக அஞ்சு வருசத்தில கழட்ட வேணும் எண்டும் இல்லை. 2019இல லான்செற் சஞ்சிகையில வந்த கணிப்புப்படி, மாத்தின முழங்காலில 100க்கு 82 அளவில 25 வருசம் நிக்குது. மெசினை விட எனக்கு அந்தக் கணக்கிலதான் நம்பிக்கை.

திருவலையோ? ரெஸ்டில நடைக்கு முழங்கால் மடங்கிறது 58 பாகை மட்டும்தான், சமதரை நடை. குந்தி இருக்கிறதும் சப்பாணி கட்டுறதும் 100 பாகையைத் தாண்டும், அதை அந்த மெசின் பாக்கவே இல்லை. மேசையில பூட்டுற துருவலை ஒண்டு வாங்கிக் குடுங்கோ. நல்லூர்த் திருவிழாவுக்கு அடி அழிக்கிற (சில அடிக்கு ஒருக்கா முழங்காலில விழுந்து கும்பிட்டுக்கொண்டு வீதி சுத்திற) நேர்த்தி ஏதும் அம்மாவுக்கு இருந்தா, ஒப்பரேசனுக்கு முதலே டொக்டரிட்ட சொல்லிக் கேளுங்கோ, கொடியேறின பிறகு கேட்டா அவா உங்கட சொல்லையும் கேக்க மாட்டா, டொக்டரின்ர சொல்லையும் கேக்க மாட்டா.